ஒதுக்கீடு

எட்டரைச் செய்தியில் "நிதி" என்றார் வாசிப்பவர்.
தரையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தவள்
கையைத் தூக்கி
"உள்ளேன்" என்றாள்.

யாழ்நிதி என்றுதான் பதிந்தோம்.
யாழை யாரும் கூப்பிடுவதில்லை.
எங்களுக்கும், பள்ளி வேன் ஓட்டுநருக்கும்,
மின்தூக்கியில் பார்க்கும் ஹஸ்னா அக்காவுக்கும்
அவள் நிதி.
"உள்ளேன்" மட்டும்
உதவியாசிரியை ஒருவர் சொல்லிக்கொடுத்தது.
சொல்லிக்கொடுக்க ஏழு மாதம் ஆயிற்றாம்.
அதிலிருந்து விட்டதில்லை.

இன்று வரவு செலவுத் திட்ட நாள்.
நிதியமைச்சு.
உள்ளேன்.
மத்திய சேமநிதி.
உள்ளேன்.
நிதியாண்டு.
கொஞ்சம் யோசித்தாள். உள்ளேன்.

"சிறப்புத் தேவையுடையோர் சேவைகளுக்குக்
கூடுதல் நிதி ஒதுக்கப்படும்."

உள்ளேன் என்று சொல்லிவிட்டு
என்னைப் பார்த்தாள்.
எங்கே ஒதுக்குவார்கள் என்று
அவளுக்குக் கேட்கத் தெரியாது.
எனக்குக் கேட்டது.

மீன்குழம்பில் முள்ளில்லாத துண்டை
இவளுக்கென்று ஒதுக்கி வைப்பேன்.
என் நாத்தனார் மகளின் நிச்சயதார்த்தத்தில்
"கூட்டமா இருக்கும், சத்தமா இருக்கும்,
பிள்ளைக்குக் கஷ்டம்" என்றார்கள்.
அதற்கும் அதே சொல்தான்.

நவம்பரில் பதினெட்டு.
பள்ளி அத்தோடு முடியும்.
பகல்நேர நிலையத்தில் பெயர் கொடுத்திருக்கிறோம்.
போன ஜூனில் நாற்பத்தொன்றாவது இடம்.
இப்போது முப்பத்தாறாவது.
"முன்னேறியிருக்கீங்க" என்றார் அந்தப் பெண் போனில்,
நல்ல குரல், அவர் மேல் தப்பில்லை.
நான் பேரங்காடியில் காசாளர்.
கணக்கு எனக்குத் தானாக ஓடும்:
எட்டு மாதத்துக்கு ஐந்து இடம் என்றால்
நாலு வருடம், ஒன்பது மாதம், சில நாள்.

ஹஸ்னா அக்காவின் இர்ஃபானுக்கு இருபது.
இரண்டு வருடமாக ஜன்னலில் நிற்கிறான்.
யீஷூன் அவென்யூவில் போகும் ஒவ்வொரு பேருந்தின் எண்ணையும்
உரக்கச் சொல்கிறான்.
என் வீட்டுக்காரர் ஓட்டும் வண்டி போனால்
எண்ணைச் சொல்லாமல் "அங்கிள்" என்கிறானாம்.
எப்படித் தெரியும் என்று யாருக்கும் தெரியவில்லை.

தலைக்கு எவ்வளவு வருமானம் என்று கேட்கிறது படிவம்.
மூன்று தலை.
தீபாவளி மாதம் அவர் கூடுதல் நேரம் ஓட்டினார்.
பதினெட்டு வெள்ளி கோட்டைத் தாண்டிவிட்டது,
வேன் கட்டணத்துக்கு வந்த மானியம் ஒரு படி இறங்கிவிட்டது.
"ஓட்டாமல் இருந்திருக்கணும்" என்றார்,
சோற்றைப் பிசைந்துகொண்டே.
டிசம்பரில் நான் வேலையை விட்டால்
தலைக்கு வருமானம் குறையும், மானியம் ஏறும்.
ஆனால், அம்மாதான் வீட்டில் இருக்கிறாரே,
பிள்ளைக்கு இடம் அவசரமா என்பார்களோ?
இதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன்.

கூடுதல் என்றார்களே.
சந்தோஷம் இல்லாமல் இல்லை.
எங்கோ ஒரு சுவர் எழும்பும்,
யாரோ ஒருவர் பயிற்சிக்குச் சேர்வார்,
முப்பத்தாறு முப்பத்திரண்டாகும்.
நான் நன்றி கெட்டவள் இல்லை.
ஆனால் கல்லாவில் நிற்கிறவள்.
மொத்தத்தைப் பார்த்ததும்
எத்தனை பேருக்கு என்று கை தேடுகிறது.

வானிலை வந்துவிட்டது.
நாளை பிற்பகல் இடியுடன் மழை.
அவள் கை இன்னும் இறங்கவில்லை.
பள்ளியில் உள்ளேன் என்றால்
பெயருக்குப் பக்கத்தில் பச்சை வட்டம் ஒட்டுவார்கள்.
அதற்குக் காத்திருக்கிறாள்.
உரித்த பட்டாணியில் ஒன்றை எடுத்து
அவள் உள்ளங்கையில் வைத்தேன்.
தின்றுவிட்டாள்.

பத்தரைக்குக் கதவு திறந்தது.
காலணியைக் கழற்றியபடி
வாசலிலிருந்தே கேட்டார்:
"நிதி என்னாச்சு?"

எதைக் கேட்கிறார் என்று
நான் யோசிப்பதற்குள்
அறைக்குள்ளிருந்து,
தூக்கக் குரலில்,

உள்ளேன்.